வாக்கியத்துக்குள் இருக்கும் பெயர்ச்சொல்லைக் கண்டுபிடிக்கக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மும்பையின் செம்பூரில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. படத்தைக் காட்டினால் ரயில், குடை, பாட்டி என்று பெயர்ச்சொற்களைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். அதே சொற்கள் வாக்கியத்துக்குள் வந்தால் தடுமாறுகிறாள். 'ரயிலில்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'ஓடினான்' என்ற சொல்லை வட்டமிடுகிறாள். ஏன் என்று கேட்டால், "அதில் ஒரு பையன் இருக்கிறானே" என்கிறாள். இதை எப்படிச் சரிசெய்வது, தமிழில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் வேறு முறையும் சொல்லிக்கொடுத்தால் குழம்பிப்போவாளா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

அந்தக் குழந்தையின் பதிலுக்கு முதலில் ஒரு பாராட்டு. 'ஓடினான்' என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் 'ஆன்' ஓடியது ஆண் என்பதைக் காட்டுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் இப்படி எதுவும் இல்லை. ஏழு வயதில் இதைக் கவனித்திருக்கிறாள் என்றால் அவளுக்குத் தமிழ்க் காது நன்றாக இருக்கிறது. ஆள், இடம், பொருள், விலங்கு ஆகியவற்றின் பெயர்தான் பெயர்ச்சொல் என்று அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். ஓடினானில் ஓர் ஆள் இருப்பதால் வட்டமிட்டாள். சொல்லிக்கொடுத்த வரையறையின்படி அவள் செய்தது சரியே. மாற்ற வேண்டியது அந்த வரையறையை.

ஆள், இடம், பொருள், விலங்கு என்ற வரையறை ஆங்கிலப் பாடநூல்களிலிருந்து வந்தது. சுவரில் மாட்டும் படத்தாளுக்கு அது போதும். 'காலையில் பசி எடுத்தது' என்ற சின்ன வாக்கியத்துக்குப் போதாது. காலையும் பசியும் பெயர்ச்சொற்கள். இரண்டுமே ஆள் இல்லை, இடம் இல்லை, கையில் எடுக்கும் பொருளும் இல்லை. தமிழ் இலக்கணம் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பிரிக்கிறது. காலை காலப்பெயர், கை சினைப்பெயர், வெண்மை குணப்பெயர், ஓட்டம் தொழிற்பெயர். இந்த ஆறையும் இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். சொல்லிக்கொடுக்கும் பெரியவர் மனத்தில் இருந்தால் போதும். குழந்தை 'பசி' என்று வட்டமிடும்போது நீங்கள் தயங்காமல் தலையாட்ட அது உதவும்.

குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய கருவி வேறு. அதுவும் நம் இலக்கண நூலிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், பெயர்ச்சொல்லின் அடையாளங்களில் இரண்டாக இவற்றைச் சொல்கிறது: அது காலம் காட்டாது, வேற்றுமையை ஏற்கும். இந்த இரண்டும் ஏழு வயதுக் குழந்தை தானே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள். சொல்லின் பொருளை யோசித்து ஆளா இடமா என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. வாயால் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதல் சோதனை நேற்று, இன்று, நாளை. நேற்று ஓடினான், இன்று ஓடுகிறான், நாளை ஓடுவான். நாள் மாறினால் சொல்லும் மாறுகிறது. நேற்றும் ரயில்தான், இன்றும் ரயில்தான், நாளையும் ரயில்தான். 'ஓடினான்' சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். "அதில் பையன் இருக்கிறான், சரி. ஆனால் நாளைக்கு இந்தச் சொல் இப்படியே இருக்குமா?" என்று கேளுங்கள். 'ஓடுவான்' என்று அவளே சொல்வாள். நாளுக்கு நாள் மாறுகிற சொல் வினைச்சொல் என்று அப்போது சொன்னால் அவளுக்குக் காரணத்தோடு புரியும்.

இரண்டாவது சோதனை வேற்றுமை உருபு. அந்தப் பெயரைக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம். 'ஐ, கு, இல்' என்ற மூன்றை மட்டும் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரயிலை, ரயிலுக்கு, ரயிலில். ஒட்டுகிறது. பசியை, பசிக்கு, பசியில். ஒட்டுகிறது. 'ஓடினான்' என்பதோடு ஒட்டினால் 'ஓடினானில்' என்று வரும், குழந்தை சிரித்துவிடும். 'புதிய' என்ற சொல்லோடு எதுவும் ஒட்டாது. 'வேகமாக' என்பதோடும் ஒட்டாது. சொல்லிப் பார்த்தவுடன் காதுக்கே தெரியும்.

காதை இவ்வளவு நம்பலாமா என்ற ஐயம் வரலாம். நம்பலாம். 1957இல் ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். ஒரு பாத்திரத்தில் ஏதோ ஒன்றைக் கைகள் பிசைந்துகொண்டிருக்கும் படத்தைக் காட்டி, யாரும் கேள்விப்பட்டிராத ஒரு சொல்லைச் சொன்னார். அந்தச் சொல்லை வினைபோலப் பயன்படுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் பிசையும் செயலைச் சுட்டினார்கள். பெயர்போலப் பயன்படுத்தினால் பாத்திரத்தையோ அதற்குள் இருந்ததையோ சுட்டினார்கள். இலக்கணம் என்ற சொல்லையே அறியாத வயதில், வாக்கியத்தில் சொல் வந்த விதத்தை வைத்தே அவர்கள் அதைப் பிரித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஜீன் பெர்க்கோ, குழந்தைகள் கேட்டேயிராத சொற்களுக்குத் தாங்களாகவே பன்மை விகுதி சேர்ப்பதைக் காட்டினார். அறிவு உள்ளே ஏற்கெனவே இருக்கிறது. அதை அவள் கவனிக்கும்படி செய்வதுதான் நம் வேலை.

இதைத் தமிழில் உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பொருளில்லாத ஒரு சொல்லை உருவாக்குங்கள். "பாட்டி டிப்பியை எடுத்தார். டிப்பியில் தண்ணீர் ஊற்றினார்." டிப்பியை வரைந்து காட்டு என்றால் குழந்தை ஏதாவது ஒரு சொம்பையோ கிண்ணத்தையோ வரையும். பிறகு, "தாத்தா டிப்பினார். நாளைக்கும் டிப்புவார்" என்று சொல்லுங்கள். இப்போது வரையச் சொன்னால் யோசிக்கும்; நடித்துக் காட்டச் சொன்னால் குதிக்கும், குனியும், ஏதாவது செய்து காட்டும். முதல் டிப்பி பொருளாகவும் இரண்டாவது செயலாகவும் எப்படித் தெரிந்தது என்று அவளிடமே கேளுங்கள். அவள் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லும் காரணம் எந்த வரையறையையும்விட நன்றாக மனத்தில் தங்கும்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் நிற்கிறது. தொல்காப்பியம், சொல் என்பது அடிப்படையில் பெயரும் வினையும் என்ற இரண்டுதான், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்தே வரும் என்கிறது. எனவே கடைசியில் இருக்கும் வினையைப் பிடித்துவிட்டால், அங்கிருந்து பின்னோக்கிக் கேள்வி கேட்டே பெயர்ச்சொற்களை எடுத்துவிடலாம். பல ஆசிரியர்கள் வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் இருந்து தொடங்கும் குழந்தை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பார்த்து ஊகிக்கிறது. வினையிலிருந்து தொடங்கும் குழந்தைக்கு வாக்கியம் முழுதும் புரிகிறது.

'பாட்டி காலையில் மாட்டுங்கா சந்தையில் பூ வாங்கினார்.' கடைசிச் சொல் வாங்கினார். நேற்று, நாளை சொல்லிப் பார்த்தாயிற்று, மாறுகிறது, வினைதான். யார் வாங்கினார்? பாட்டி. எதை வாங்கினார்? பூவை. எங்கே வாங்கினார்? சந்தையில். எப்போது வாங்கினார்? காலையில். நான்கு கேள்விகளில் நான்கு பெயர்ச்சொற்கள் வந்துவிட்டன. எந்தச் சந்தை என்று கேட்டால் மாட்டுங்கா. அதோடும் 'ஐ, கு, இல்' ஒட்டும், அதுவும் பெயர்ச்சொல்தான். ஆனால் எந்த, எப்படி என்ற கேள்விகளில் கொஞ்சம் கவனம் வேண்டும். எப்படிப்பட்ட பூ என்றால் 'புதிய' என்று பதில் வரும். அது பெயர்ச்சொல் இல்லை. அதனால் பதிலைப் பெற்றவுடன் உருபை ஒட்டிச் சரிபார்க்கும் பழக்கம் இருக்க வேண்டும். இன்னொன்று, வாக்கியத்தில் 'பூ வாங்கினார்' என்றுதான் இருக்கிறது, 'பூவை' என்று இல்லை. ஐ மறைந்து நிற்கிறது. 'பால் குடித்தான்' என்பதும் இப்படித்தான். கேள்வி கேட்கும்போது 'எதை' என்று கேட்பதால் மறைந்த உருபு தானாக வெளியே வந்துவிடும்.

இப்போது உங்கள் மகள் 'ரயிலில்' என்ற சொல்லை ஏன் விட்டாள் என்று பார்ப்போம். இங்கேதான் மும்பைக் குழந்தைகள் மிக அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வடிவம் மாறாமல் நிற்கும். 'இல்', 'க்கு' போன்றவை தனிச்சொற்களாக அதற்கு முன்னால் வரும். இந்தியிலும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் தனியாகவே எழுதப்படும். தமிழில் உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது பெயரின் உருவமே மாறலாம். மரம் 'மரத்தில்' ஆகிறது. வீடு 'வீட்டில்', ஆறு 'ஆற்றில்', பல் 'பல்லை', பாட்டு 'பாட்டை'. 'வீடு' என்ற சொல்லைப் படத்தோடு சேர்த்துப் படித்த குழந்தை 'வீட்டில்' என்பதில் வீட்டைத் தேடிக் காணாமல் தவிக்கிறது. தமிழ் அதிகம் காதில் விழும் வீட்டில் வளரும் குழந்தைக்குக்கூட, பேச்சில் 'வீட்ல' என்று வருவது புத்தகத்தில் 'வீட்டில்' என்று வரும்போது ஒரு நொடி தேவைப்படுகிறது. 'வீட்ல' என்று சொல்வதைத் திருத்தாதீர்கள். பேசும்போது அப்படி, எழுதும்போது இப்படி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

உருபைப் பிரித்துக்காட்டச் சிலர் சொல்லைத் தாளில் எழுதிக் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் 'வீட்டில்' என்று எழுதி எங்கே வெட்டுவது? 'டி' என்ற ஒரே எழுத்துக்குள் வீட்டின் 'ட்' பாதியும் உருபின் 'இ' பாதியும் கலந்திருக்கின்றன. வெட்டினால் கையில் மிஞ்சுவது 'வீட்'. குழந்தைக்கு அது எதுவும் இல்லை. அதனால் முதலில் வாயால் பிரிக்க வேண்டும். "எங்கே இருக்கிறாய்?" "வீட்டில்." "அது என்ன?" "வீடு." இப்படிக் கேள்வியாலேயே மூலச்சொல்லை மீட்டெடுக்கும் பழக்கம் வந்தபிறகு, எழுத்தில் வட்டமிடலாம். வட்டமிடும்போதும் உருபோடு சேர்த்தே வட்டமிட்டு, பக்கத்தில் மூலச்சொல்லை எழுதச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் 'வீட்டில்', ஓரத்தில் 'வீடு'.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு துணை உங்களுக்கு இருக்கிறது: மராத்தி. மராத்தியில் பள்ளிக்கு 'ஷாளா'. பள்ளியில் என்பதற்கு 'ஷாளேத்'. வீடு 'கர்', வீட்டில் என்றால் 'கராத்'. தமிழைப்போலவே உருபு ஒட்டுகிறது, சொல்லின் கடைசியும் மாறுகிறது. உங்கள் மகள் மராத்தி வகுப்பில் 'ஷாளேத்' என்பதில் 'ஷாளா' இருப்பதைத் தடுமாறாமல் கண்டுகொள்வாள். "மராத்தியில் ஷாளா ஷாளேத் ஆனதுபோலத்தான் தமிழில் வீடு வீட்டில் ஆகிறது" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். மும்பையில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு மராத்தி பாரம் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. தமிழ் இலக்கணத்துக்கு அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை வகுப்பில் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

பயிற்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம், ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால் போதும். செம்பூரில் ஏறி வடாலா போகும்வரை ஒவ்வொரு நிலையத்துக்கும் அறிவிப்பு வரும். மராத்தியில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. 'அடுத்த' என்பதற்கான சொல் மும்மொழியிலும் மாறும். ஸ்டேஷனும் ஊர்ப் பெயரும் மாறாமல் வரும். நான்காவதாகத் தமிழ் அறிவிப்பை மகளைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்த ஊர்ப் பெயரை வைத்து வாக்கியம் அமைக்கட்டும். குர்லாவில் கூட்டம் ஏறியது. குர்லாவைத் தாண்டிவிட்டோம். சுனாபட்டிக்கு வந்துவிட்டோம். வடாலாவிலிருந்து நடப்போம். ஒரே பயணத்தில் ஐ, கு, இல் மூன்றும் வந்துவிடும். ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் உருவம் மாறாமல் உருபை ஏற்பதால் தொடக்கத்துக்கு மிக வசதி. மரம், வீடு போன்றவற்றை அதற்கு அடுத்த வாரம் எடுங்கள்.

கொஞ்சம் தேறியபிறகு ஜுஹு கடற்கரைக்கு அழைத்துப்போய் இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லுங்கள். 'அவள் கடலைப் பார்த்தாள்.' 'அவள் கடலை தின்றாள்.' முதலாவதில் இருப்பது கடல்; அதோடு ஐ ஒட்டியிருக்கிறது. இரண்டாவதில் இருப்பது காகிதப் பொட்டலத்தில் விற்கும் கடலை. அதில் 'லை' சொல்லின் பகுதி, உருபு மறைந்திருக்கிறது. 'கடலைப்' என்று ஒரு 'ப்' வந்திருக்கிறதே, அதுதான் அங்கே ஐ உருபு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. இரண்டாம் உருபு வெளிப்படையாக வந்தால் பின்னால் வல்லினம் மிகும் என்ற விதியை மேல்வகுப்பில் படிப்பாள். இப்போதைக்கு, எதைப் பார்த்தாள், எதைத் தின்றாள் என்று கேட்டு இரண்டு வெவ்வேறு பெயர்ச்சொற்களை அவள் பிரித்து எடுத்தால் போதும். சொல்லைத் தனியாக எழுதிக்காட்டினால் இதை யாராலும் பிரிக்க முடியாது. 'படியில் உட்கார்ந்து படி' என்பதும் அப்படித்தான். முதல் 'படி'யோடு உருபு ஒட்டியிருக்கிறது, இரண்டாவதோடு ஒட்டாது. அட்டையில் ஒற்றைச் சொல்லாகப் பெயர்ச்சொல்லைச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை என்பதற்கு இந்த வாக்கியமே காரணம்.

சோதனைகள் கைவிடும் இடங்களும் உண்டு. 'நேற்று' என்பதோடு ஐ இயல்பாக ஒட்டாது. 'நேற்றைக்கு' என்று கு ஒட்டும். 'இங்கே', 'மேலே' போன்றவற்றில் குழப்பம் வரும். இந்தச் சொற்கள் வராத வாக்கியங்களாகவே முதலில் கொடுங்கள். 'வந்தவன்', 'நல்லவர்' போன்றவை உருபை ஏற்கும், பெயர்தான். ஆனால் அவை நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு. குழந்தை 'வேகமாக' என்பதை வட்டமிட்டு, "உள்ளே வேகம் இருக்கிறது" என்று சொன்னால் தவறு போடாதீர்கள். வேகம் பெயர்ச்சொல்தான், இந்த வாக்கியத்தில் அது 'ஆக' சேர்ந்து வினைக்குத் துணையாக நிற்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். 'விளையாட்டு' வினைதானே என்று கேட்பாள். நேற்று விளையாட்டு, நாளை விளையாட்டு, மாறவில்லை. விளையாட்டை, விளையாட்டுக்கு, ஒட்டுகிறது. அவளே முடிவு செய்வாள்.

இனி இரண்டாவது கேள்வி. குழப்பம் வருமா என்றால், இரண்டு இடங்களில் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் தங்காது. ஒன்று, அவன், அது, நான், நீ. ஆங்கிலப் புத்தகத்தில் இவை தனி வகை. மராத்தியிலும் இந்தியிலும் 'சர்வநாம்' என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். தமிழில் இவையும் பெயர்ச்சொற்களே. அவனை, அதற்கு, என்னை, உன்னில் என்று உருபை ஏற்கின்றன. இன்னொன்று நிறம், குணம். 'சிவப்புக் குடை' என்பதில் ஆங்கிலப் புத்தகம் சிவப்பைப் பெயர் என்று ஏற்காது. தமிழில் சிவப்பு குணப்பெயர்; சிவப்பை, சிவப்புக்கு என்று தாராளமாக ஒட்டும். 'சிவப்பான' என்று வந்தால் தமிழிலும் ஒட்டாது.

இதில் எது சரி என்று குழந்தையின் முன்னால் வாதிட வேண்டாம், பள்ளி ஆசிரியரிடம் சண்டைக்கும் போக வேண்டாம். ஒவ்வொரு மொழியும் தன் சொற்களைத் தன் வழியில் பிரிக்கிறது என்பதை நான்கு மொழிகளில் வளரும் குழந்தைக்கு எளிதாகப் புரியவைக்கலாம். வீட்டில் ஒரு மொழி, லிஃப்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று நாள் முழுதும் அவள் மாறிக்கொண்டுதான் இருக்கிறாள். தமிழ் நோட்டில் 'அவன்' என்பதற்கு வட்டம் உண்டு, ஆங்கில நோட்டில் இல்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்வாள்.

ஒரு நாளைக்கு மூன்று வாக்கியங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். அவளே சொன்ன வாக்கியங்களாக இருக்கட்டும். பள்ளிவிட்டு வந்ததும் அவள் சொல்லும் கதையிலிருந்து மூன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வினையை அவள் கண்டுபிடிக்கட்டும், கேள்வியையும் அவளே கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பக்கம் அவள் இருந்தால் இன்னும் வேகமாகப் பிடித்துக்கொள்வாள். இந்த மாதம் எழுத்தில் ஒன்றும் வேண்டாம், பேச்சில் மட்டும். அடுத்த மாதம் பென்சிலைக் கொடுங்கள்.